அடுப்படிக் கேள்விகள்: புளித்த தயிரும் தணல் சட்டியும் ஒரு பாணும்

சென்ற மாதம் ஒரு வாசகி, வெயிலில் தயிர் அளவுக்கு மீறிப் புளித்துவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். "நான் அதில் ஐரிஷ் சோடாப் பாண் சுடுவேன்" என்று ஒரு வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இத்தனை கடிதங்கள். அதனால் இந்த முறை பாணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஊறுகாய் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் இல்லாமல் பாண் எப்படிப் பொங்கும் ரீச்சர்? எங்கள் வீட்டில் ஓவன் இல்லை, விறகடுப்பும் ஒரு காஸ் அடுப்பும்தான். எங்களால் செய்ய முடியுமா? முழுதாக எழுதுங்கள்.
– வாசகி, முள்ளியவளை

முடியும் தங்கச்சி. ஓவன் இல்லாத வீடுகளில் பிறந்த பாண்தான் இது. அயர்லாந்தின் கிராமத்து வீடுகளில் அந்தக் காலத்தில் ஓவன் கிடையாது. மூன்று கால் வைத்த கனத்த இரும்புச் சட்டி ஒன்றும் அதற்கு ஒரு மூடியும் இருக்கும். 'பாஸ்டிபிள்' என்று பெயர். மாவை அதற்குள் வைத்து மூடி, கீழே தணல், மூடிக்கு மேலேயும் தணல். என் அம்மம்மா கேக் சுட்டதும் இப்படித்தான். கீழே பொச்சுமட்டைத் தணல், மேலே தகர மூடியில் சிரட்டைத் தணல். மச்சாள் அந்த இரும்புச் சட்டியைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அம்மம்மாவின் பின்வளவு அப்படியே கண்ணில் வந்தது.

மச்சாள் என்றது என் கணவரின் தங்கையை. அயர்லாந்தின் கோர்க் நகரத்தில் தாதியாக வேலை செய்கிறார். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதே, அதற்குப் பிறகு வந்த முதல் விடுமுறையில் ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள், உறியில் இருந்த புளித்த தயிரைப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதைக் கொட்டாதீங்கோ, பாண் சுடுவம்" என்றார். மனைப்பொருளியல் படிப்பித்தவள் நான். பாண் என்றால் ஈஸ்ட், பிசைவது, பொங்க வைப்பது என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒரு மணித்தியாலத்தில் மேசையில் சூடான பாண் இருந்தது. அன்று தொடங்கியதை இன்றுவரை விடவில்லை.

எப்படிப் பொங்குகிறது என்றால், அப்பச் சோடாவும் தயிரின் புளிப்பும் சந்தித்த அந்த நிமிடமே வாயு கிளம்பத் தொடங்கிவிடும். ஈஸ்ட் மணிக்கணக்கில் செய்யும் வேலையைச் சோடா நிமிடக்கணக்கில் செய்கிறது. அதனால் காத்திருக்கவும் கூடாது. குழைத்த கையோடு சட்டிக்குள் போக வேண்டும்.

1830களில்தான் அப்பச் சோடா அங்கே வீட்டுச் சமையலுக்கு வந்தது. அந்த ஊரின் ஈரமும் குளிரும் கலந்த காலநிலையில் விளையும் கோதுமை மென்மையானது, மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டன் குறைந்தது. ஈஸ்ட் பாணுக்கு அது அவ்வளவு ஒத்துவராது, சோடாப் பாணுக்கு நன்றாகப் பொருந்தும். வெண்ணெய் கடைந்த வீடுகளில் மோர் எப்போதும் மிஞ்சும். மா, உப்பு, சோடா, மோர் – இந்த நான்கும் இருந்தால் பாண் ஆயிற்று.

இனி என் வீட்டு அளவு. இது மச்சாளின் அளவு அல்ல, பல தடவை சுட்டு நானாகப் பிடித்த அளவு. கோதுமை மா 250 கிராம், ஆட்டா மா 100 கிராம், குரக்கன் மா 100 கிராம். தராசு இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கோப்பையை எடுத்து, கோதுமை இரண்டரை, ஆட்டா ஒன்று, குரக்கன் ஒன்று என்று அளந்துகொள்ளுங்கள். உப்பு முக்கால் தேக்கரண்டி, அப்பச் சோடா முக்கால் தேக்கரண்டி. இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும், குவித்து எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்து அரிதட்டில் மூன்று தடவை அரியுங்கள். சோடா கட்டி ஒன்று தப்பினாலும் அந்த இடம் மஞ்சளாகிக் கசக்கும். அப்புறம் வறுத்த எள்ளு இரண்டு மேசைக்கரண்டி சேருங்கள்.

நன்றாகப் புளித்த சட்டித் தயிர் 250 கிராமுக்குத் தண்ணீர் 150 மில்லிலீற்றர் விட்டு மத்தால் கடையுங்கள். எங்கள் பக்கத்து எருமைத் தயிர் கெட்டியானது, கொழுப்பும் கூடியது, தண்ணீர் விடாமல் முடியாது. பசுத் தயிர் என்றால் தண்ணீரைக் குறையுங்கள். சீவிய பனங்கட்டி ஒரு மேசைக்கரண்டியை அதிலேயே கரைத்து வடித்துவிடுங்கள், அடியில் மண் இருக்கும். அயர்லாந்திலும் தவிட்டு மாப் பாணுக்குக் கரும்புப் பாகு ஒரு கரண்டி விடுபவர்கள் உண்டு என்று மச்சாள் சொன்ன பிறகுதான் எனக்குப் பனங்கட்டி எண்ணம் வந்தது.

மாவின் நடுவில் குழி செய்து, கடைந்த தயிரில் ஒரு கை அளவை மீதம் வைத்துக்கொண்டு மற்றதை ஊற்றுங்கள். விரல்களை விரித்து வட்டமாகச் சுழற்றினால் போதும். பிசைய வேண்டாம். தேவைப்பட்டால் மீதியை விடுங்கள். மா ரொட்டி மாவை விட ஈரமாக, கையில் கொஞ்சம் ஒட்டும்படி இருக்க வேண்டும். மா தூவிய பலகையில் கொட்டி, இரண்டு அங்குல உயரமுள்ள வட்டமாகத் தட்டி, கத்தியால் மேலே ஆழமாக ஒரு சிலுவை கீறுங்கள்.

மாவில் கை வைக்கும் முன்பே சட்டி சூடாகியிருக்க வேண்டும். அகன்ற கனத்த சட்டியின் அடியில் ஒரு அங்குலத்துக்குக் காய்ந்த மணல் பரப்பி, மூடி, கால் மணித்தியாலம் தணலில் வையுங்கள். பாணை எண்ணெய் தடவிய தகரத் தட்டில் வைத்து உள்ளே இறக்குங்கள். கீழே ஒரு பங்கு தணல், மேலே இரண்டு பங்கு. பலர் இதை மாற்றிச் செய்துவிடுவார்கள். அடி கருகி நடு பச்சையாக இருப்பது அதனால்தான். நாற்பது நிமிடத்துக்கு மூடியைத் திறக்க வேண்டாம். பிறகு பாணைத் தூக்கி அடியில் விரலால் தட்டிப் பாருங்கள். வெறும் பானையைத் தட்டுவது போலக் கேட்டால் வெந்துவிட்டது. தொப்பென்று கேட்டால் இன்னும் பத்து நிமிடம். ஓவன் உள்ளவர்கள் 200 பாகை செல்சியசில் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் வையுங்கள்.

காஸ் அடுப்பில் மேல் சூடு கிடைக்காது. அதற்கும் அயர்லாந்திலேயே வழி இருக்கிறது. வடக்கே அல்ஸ்டர் பக்கத்தில் இந்த மாவை மெல்லிய வட்டமாகத் தட்டி, நாலாக வெட்டி, இரும்புக் கல்லில் போட்டு எடுப்பார்கள். 'ஃபார்ல்' என்பார்கள், நாலில் ஒன்று என்று பொருள். உங்கள் ரொட்டிக் கல் போதும். அரை அங்குலத் தடிப்பு, மெல்லிய நெருப்பு, ஒரு பக்கம் எட்டுப் பத்து நிமிடம், பிறகு மறுபக்கம். கடைசியில் துண்டுகளை நிமிர்த்தி வைத்து ஓரங்களையும் காட்டி எடுங்கள். எண்ணெய் வேண்டாம்.

எங்களிடம் எருமைப் பட்டி இருக்கிறது, தயிருக்குக் குறையே இல்லை. ஆனால் பாண் சுட்டால் சவர்க்கார வாசம். உள்ளே மஞ்சள் நிறம். சோடா கூடாதா?
– வாசகர், கனகராயன்குளம்

சோடா நல்லதுதான் தம்பி, உங்கள் தயிர் போதாது. தயிர் நிறைய இருக்கிற வீடு என்பதால் அன்றன்றைய தயிரைத்தானே எடுத்திருப்பீர்கள்? காலையில் உறைந்த இனிப்புத் தயிரில் புளிப்புக் குறைவு. சோடாவின் ஒரு பகுதி வேலையில்லாமல் அப்படியே தங்கிவிடும். சவர்க்கார வாசமும் மஞ்சளும் அந்த மிச்சச் சோடாவால் வருபவை. அதோடு பாணும் சரியாகப் பொங்கியிராது.

ஒரு கோப்பை, அதாவது 240 மில்லிலீற்றர் அளவான புளித்த மோருக்கு அரைத் தேக்கரண்டி சோடா என்று மனதில் வையுங்கள். மோர் கூடினால் சோடாவைக் கூட்டலாம். பாண் பொங்கவில்லை என்று சோடாவை மட்டும் அள்ளிப் போட்டால் கசப்புத்தான் மிஞ்சும். உங்கள் பக்கத்து வெயிலில் தயிரை வெளியே ஒரு நாள் கூடுதலாக வைத்தாலே போதும். நாக்கில் வைத்தால் கண் சுருங்க வேண்டும். மழைக்காலத்தில் புளிக்க இரண்டு நாள் எடுக்கும், அப்போது அவசரப்படாதீர்கள்.

தயிர் கிடைக்காத வீடுகளுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கோப்பை பாலில் தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் திரைந்து வரும், அதுவும் வேலை செய்யும். பால்மா கரைத்த பாலும் சரி. தேசிக்காய்க்குப் பதில் வினாகிரி விடலாம். தேங்காய்ப் பாலில் ஒரு தடவை முயன்றேன். அதில் புளிப்பே இல்லை, பாண் தட்டையாக, பிசுபிசுப்பாக வந்தது. வேண்டாம்.

நீங்கள் எழுதிய ஒரு வரியைப் பார்த்துத்தான் செய்தேன். கல் மாதிரி வந்தது. பிள்ளைகள் கடிக்க முடியாமல் வைத்துவிட்டார்கள்.
– வாசகி, பூநகரி

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் "பிட்டுக்கு வைத்திருந்த மாவில்" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் பிழை. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் நாங்கள் கோதுமை மாவை அவித்து அரித்து வைக்கிறோம். அவித்த மாவில் குளூட்டன் ஏற்கெனவே வெந்து இறுகிவிட்டது. அதில் இழுவை வராது, வாயுவைப் பிடித்து வைக்கவும் அதனால் முடியாது. பிட்டு உதிரியாக வருவதற்கு அது நல்லது, பாணுக்கு உதவாது. அவிக்காத பச்சை மாவில் செய்யுங்கள். சென்ற இதழிலேயே இதை நான் எழுதியிருக்க வேண்டும். மற்றவர்களும் கவனியுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், மாவை எவ்வளவு நேரம் பிசைந்தீர்கள்? ரொட்டிக்குப் பழகிய கை சும்மா இருக்காது. இந்த மாவுக்கு இருபது முப்பது விநாடி போதும். பார்க்க ஒழுங்கில்லாமல், மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். அப்படியே விட்டுவிடுங்கள்.

அப்பச் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றா? கடையில் இரண்டும் வெள்ளைப் பொடிதான்.
– வாசகி, பரந்தன்

ஒன்றல்ல. அப்பச் சோடா தனிச் சோடா, அதற்குப் புளிப்பை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்புப் பொடியையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள், ஈரம் பட்டாலே வேலை செய்யும். மோர்ப் பாணுக்கு அப்பச் சோடாதான் வேண்டும்.

பரந்தனில் இருந்து எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் 'சோடா' என்றால் வயதானவர்களுக்குக் கோஸ்டிக் சோடாதான் நினைவுக்கு வரும். சவர்க்காரம் காய்ச்சும் அது தோலையே எரிக்கும், உணவின் பக்கம் கொண்டுவரக் கூடாது. உடுப்புத் தோய்க்கும் வாஷிங் சோடாவும் அப்படியே. பெயர் ஒட்டாத போத்தலில் இருக்கும் எந்த வெள்ளைப் பொடியையும் மாவில் போடாதீர்கள்.

உங்கள் அப்பச் சோடா பழசா என்று பார்க்க, ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விடுங்கள். சீறிப் பொங்கினால் நல்லது.

பாணின் மேல் சிலுவை கீறுவது ஏன்? நாங்கள் சைவர்கள், கீறாமல் சுடலாமா? (உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன், காரணம் சொன்னால் நன்றி.)
– மாணவி, கிளிநொச்சி

பிள்ளை, கீறத்தான் வேண்டும், ஆனால் சமய காரணத்துக்காக அல்ல. இந்தப் பாண் வேகமாகப் பொங்கும், மேல்தோலும் வேகமாக இறுகும். கீறல் இல்லாவிட்டால் பாண் தனக்குப் பிடித்த இடத்தில் வெடிக்கும். ஆழமாகக் கீறினால் தடித்த நடுப்பகுதிக்குள் சூடு இறங்கும், சுட்ட பிறகு நாலாகப் பிய்க்கவும் இலகு. அயர்லாந்தில் அதைப் பாணுக்கான ஆசீர்வாதம் என்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் குறும்புத் தேவதைகள் வெளியே போக வழி விடுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் மடு மாதா கோயிலுக்கும் போவேன், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் போவேன். கத்தி வைக்கும்போது என் கவனம் ஆழத்தில்தான். பாதி உயரம் வரை இறங்க வேண்டும்.

உன் பாட மொழியில் சொன்னால், தயிரின் இலற்றிக் அமிலமும் சோடியம் இருகாபனேற்றும் தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு வருகிறது. அறை வெப்பநிலையிலேயே நடக்கும் தாக்கம், எங்கள் ஊர் நண்பகல் சூட்டில் இன்னும் வேகமாக நடக்கும். நான் விடியற்காலையில் சுடுவதற்கு ஒரு காரணம் அதுதான். அப்போது தயிரும் குளிர்ந்திருக்கும், கைக்கும் அவசரம் குறையும்.

எனக்குப் பிரஷர், கணவருக்குச் சீனி வருத்தம். குரக்கன் போட்டால் பயமில்லாமல் சாப்பிடலாமா?
– வாசகி, வவுனியா

பயமில்லாமல் என்று நான் எழுத மாட்டேன் அம்மா. உப்பில் மட்டுமல்ல, அப்பச் சோடாவிலும் சோடியம் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி உப்பில் ஏறக்குறைய 2300 மில்லிகிராம், ஒரு தேக்கரண்டி சோடாவில் ஏறக்குறைய 1250. என் அளவில் சுட்டு எட்டுத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் 330 மில்லிகிராம் அளவில் வரும். ஒரு நாளைக்கு 2000க்குக் கீழே இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சோடாவைக் குறைத்தால் பாண் பொங்காது, உப்பைக் குறைக்கலாம். உப்பைக் கால் தேக்கரண்டியாக்கினால் ஒரு துண்டு 190 அளவுக்கு இறங்கும். எள்ளும் புளிப்பும் இருப்பதால் உப்புக் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அதோடு தொட்டுக்கொள்ளும் கட்டைச் சம்பலில் உப்பை அள்ளிப் போட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

கணவருக்கு: குரக்கனில் நார் கூட, வெள்ளைப் பாணை விட மெதுவாகச் சமிக்கும். ஆனாலும் அதுவும் மாச்சத்துத்தான், அளவோடு ஒரு துண்டு. பனங்கட்டியை விட்டுவிடுங்கள். கிளினிக்கில் கொடுத்திருக்கும் சாப்பாட்டு அட்டையைக் காட்டி அங்கேயே கேளுங்கள், அவர்கள் சொல்வதுதான் முடிவு.

வெள்ளைக்காரன் பாண் எங்களுக்கு எதற்கு? வசதியானவர்களின் விளையாட்டு. பிட்டும் ரொட்டியும் மறந்துபோய்விடும்.
– வாசகர், புதுக்குடியிருப்பு

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிட்டு மறந்துபோகக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் இதை வசதியானவர்களின் பாண் என்று எண்ணாதீர்கள். அயர்லாந்து ஏழை நாடாக இருந்த காலத்தில், ஏழைகளின் அடுப்பில் நிலைத்த பாண் இது. 1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து வந்த பஞ்சத்தில் அந்தச் சின்னத் தீவில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் செத்தார்கள். அதை விடக் கூடுதலானவர்கள் கப்பலேறினார்கள். கப்பலேறியவர்களின் வழியாக இந்தப் பாணும் அமெரிக்காவுக்குப் போனது. வீட்டை விட்டுப் போன சனம் எதை எடுத்துக்கொண்டு போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கதையையும் சொல்கிறேன். போர் முடிந்து 2010இல் நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது வீடு இல்லை, தறப்பாள் கொட்டில்தான். நிவாரணத்தில் அரிசி, பருப்பு, சீனி, எண்ணெயோடு கோதுமை மாவும் வரும். அந்த மாவில் ரொட்டி சுட்டேன், மறுநாளும் ரொட்டி, அதற்கு மறுநாளும் ரொட்டி. என் சின்ன மகள் ஒருநாள், "அம்மா, பாண் வேணும்" என்று அழுதாள். கிட்டடியில் பேக்கரி இல்லை. ஈஸ்ட் இல்லை. பாண் சுடத் தெரிந்தும் சுட முடியாது என்று அவளிடம் சொன்னேன். அன்று அந்தக் கொட்டிலில் மா இருந்தது, உப்பு இருந்தது, தணல் இருந்தது. பக்கத்து வளவில் மாடு தப்பி வந்திருந்த ஒரு ஐயா ஒருநாள் விட்டு ஒருநாள் மோர் தருவார். இரண்டு ரூபாய்க்கோ ஐந்து ரூபாய்க்கோ அப்பச் சோடா வாங்கியிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மச்சாள் முதல் பாணை வெளியே எடுத்தபோது எனக்கு முதலில் வந்த நினைவு அதுதான். அதனால்தான் கேட்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

2022இல் காஸ் இல்லாமல், மா விலை ஏறிப் பாண் கைக்கெட்டாமல் போனபோது எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டில் இந்தப் பாண் சுட்டார்கள். கோதுமை எங்கள் நாட்டில் விளைவதில்லை, முழுக்கக் கப்பலில் வருவது. அதில் ஒரு பங்கைக் குறைத்துக் குரக்கனைச் சேர்க்கத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். குரக்கன் எங்கள் மேட்டுநிலப் பயிர். நீங்கள் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள் ஐயா, பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

நான் கச்சானும் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுச் சுட்டேன், வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. இதை இன்னும் ஐரிஷ் பாண் என்று சொல்லலாமா? எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?
– வாசகி, மல்லாவி

அங்கேயும் இந்த வழக்கு இருக்கிறது. மா, சோடா, உப்பு, மோர் இந்த நான்குக்கு மேல் எதைப் போட்டாலும் அது கேக், பாண் அல்ல என்று கண்டிப்பாகச் சொல்பவர்கள் உண்டு. அதே நாட்டில் முந்திரிகை வற்றல் போட்டுச் சுட்டுவிட்டு, செல்லமாகப் 'புள்ளி நாய்' என்று பெயர் வைத்தவர்களும் உண்டு. அமெரிக்கா போனவர்கள் முட்டை, வெண்ணெய், சீனி எல்லாம் சேர்த்தார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், பெயரை ஐரிஷ் சோடாப் பாண் என்றே சொல்லுங்கள், எங்கே இருந்து வந்தது என்பது மறக்கக் கூடாது. உங்கள் கச்சானையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாற்றக் கூடாதது சோடாவுக்கும் புளிப்புக்கும் உள்ள கணக்கு. ஈரம் குறையக் கூடாது. குழைத்த பிறகு வைத்திருக்கக் கூடாது. மற்றதெல்லாம் உங்கள் கையில்.

நான் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். குரக்கன் மாவை மொத்த மாவில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஏற்றினால் பாண் உதிர்கிறது, குரக்கனில் குளூட்டன் இல்லை. ஒடியல் மா போட்டேன், கசந்தது, தண்ணீரையும் அளவில்லாமல் குடித்தது. அதைக் கூழுக்கே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புழுக்கொடியல் மா இரண்டு மேசைக்கரண்டி நன்றாக வந்தது, சூடாகப் பிய்க்கும்போது மெல்லிய பனை வாசம் வரும். தேன் விட்டால் மேல்தோல் சீக்கிரம் கருகுகிறது, நல்ல காட்டுத் தேனை அப்படி வீணாக்க வேண்டாம், சுட்ட பிறகு மேலே விடுங்கள். வெங்காயம் போடுவதானால் வதக்கி ஆறவிட்டுப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு நடுப்பகுதி வேகாது. கறிவேப்பிலையும் பொடியாக அரிந்து சேர்த்துப் பாருங்கள், உங்கள் கச்சானுக்குப் பொருந்தும்.

எனக்கு மிகவும் பிடித்ததைக் கடைசியாக வைத்திருக்கிறேன். பாலைப்பழக் காலத்தில் நன்றாகப் பழுத்ததை வாங்கி, கொட்டை எடுத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிடுவேன். பச்சையாகத் தின்றால் உதட்டில் ஒட்டும் பால், காய்ந்த பிறகு அவ்வளவு தொல்லை தராது. முந்திரிகை வற்றலுக்குப் பதில் ஒரு கைப்பிடி அதைப் போடுவேன். காயாமல் போட்டால் மா அந்த இடத்தில் களியாகும், அவசரப்படாதீர்கள். அப்படிச் சுடும் நாளில் பனங்கட்டி போடுவதில்லை. சென்ற வருஷம் மச்சாள் திரும்பிப் போகும்போது ஒரு பை நிறையக் காய்ந்த பாலைப்பழம் கொண்டு போனார். கோர்க்கில் சுட்டுப் படம் அனுப்பியிருந்தார், என்னுடையதை விட நன்றாகப் பொங்கியிருந்தது. அந்த ஊர் மா அப்படி.

எதோடு சாப்பிடுவது? மறுநாள் வரை இருக்குமா?
– வாசகி, நெடுங்கேணி

சுட்டதும் துணியில் சுற்றி வையுங்கள், தோல் மெத்தென்று இருக்கும். அரை மணித்தியாலம் ஆறிய பிறகு வெட்டுங்கள், முதலே வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். வெண்ணெய் இருந்தால் வெண்ணெய். எங்கள் வீட்டில் கட்டைச் சம்பல், பருப்பு, மீன் குழம்பு. தேத்தண்ணீரோடு வெறும் பாணே போதும் என்பார் என் கணவர்.

இது அன்றே சாப்பிட வேண்டிய பாண், சீக்கிரம் காய்ந்துவிடும். மறுநாள் மிச்சம் இருந்தால் மெல்லிதாக வெட்டி, ரொட்டிக் கல்லில் ஒரு துளி நல்லெண்ணெய் தடவி இரண்டு பக்கமும் காட்டி எடுங்கள், எள்ளு வாசம் மறுபடி கிளம்பும். மூன்றாம் நாளுக்கு மிஞ்சினால் கோழிக்குப் போடுங்கள்.